தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில், தமது பழைய வேனின் எஞ்சின் அடிக்கடி அளவுக்கு மீறிச் சூடாவதாக எழுதியிருந்த வாசகருக்கு, முதலில், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ரேடியேட்டருக்குச் செல்வதைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்குமாறும், அப்போதும் சரியாகாவிட்டால் ரேடியேட்டரை மாற்றிவிடுமாறும் பதில் அளிக்கப்பட்டிருந்தது. ஒர்க்‌ஷாப்புகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் யோசனைதான் இது. தங்கள் பகுதியை எழுதுபவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. ஆயினும், பழைய வேன்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தப் பதிலின் முதற்பாதி சில எஞ்சின்களுக்குத் தீங்கானது என்பதையும், இரண்டாம் பாதி பெரும்பாலும் வீண்செலவு என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன். பதில் எழுதுவதற்கு முன் அந்த வாசகரிடம் ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்: வண்டி எப்போது சூடாகிறது?

இந்தக் கேள்விக்கான விடையே காரணங்களில் பாதியை விலக்கிவிடும். வண்டி நின்றுகொண்டிருக்கும்போதோ நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதோ வெப்பநிலை கேஜின் முள் ஏறி, சற்று வேகம் எடுத்தவுடன் இறங்கிவிடுமானால், ரேடியேட்டருக்குள் நீர் ஓடுவதில் குறையில்லை; அதன் வழியே காற்றுதான் போதுமான அளவு செல்லவில்லை. அதாவது ஃபேன் வேலை செய்யவில்லை, அல்லது ஃபேனைச் சுற்றியிருக்க வேண்டிய கூடு உடைந்தோ காணாமலோ போயிருக்கிறது. இதற்கு மாறாக, நெரிசலில் ஒழுங்காக இருக்கும் வண்டி நெடுஞ்சாலை வேகத்திலும் நீண்ட ஏற்றத்திலும் மட்டும் சூடாகுமானால், ஃபேனைக் குறைசொல்லிப் பயனில்லை. வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதுமானது என்பதால், அங்கே நீரோட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்: உள்ளே உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர் குழாய்கள், இதழ்கள் அரித்துப்போன வாட்டர் பம்ப், பம்ப் இழுக்கும் வேகத்தில் உட்குழிந்து ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே முள் சிவப்பைத் தொடுமானால், மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், உள்ளே அடைபட்ட காற்று, அல்லது பொய் சொல்லும் கேஜ் ஆகியவற்றுள் ஒன்றாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களில் 82 முதல் 88 டிகிரி செல்சியசுக்குள் அது திறக்கத் தொடங்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல், பைபாஸ் எனப்படும் குறுக்குவழியில் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. மேல்வால்வு திறக்கும்போது அது கீழே இறங்கி அந்தக் குறுக்குவழியை அடைத்து, நீர் முழுவதையும் ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அத்தகைய எஞ்சினில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். நீரில் கணிசமான பகுதி ரேடியேட்டரை எட்டாமலே சூட்டோடு சூடாக எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைப்பதற்காகச் செய்த வேலையே, ஏற்றத்தில் சூட்டைக் கூட்டிவிடும். இரண்டாவது தட்டு இல்லாத எஞ்சின்களிலோ வேறு தொல்லை: எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டுவதற்கு நெடுநேரமாகி, எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டர் சுவர்களும் விரைவில் தேயும். தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தால் கழற்றலாம். ஆனால் கழற்றிய கையோடு அதைச் சோதிக்க வேண்டும். ஒரு பாத்திரத்து நீரில், அடிப்பாகத்தைத் தொடாதபடி கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியை வைத்துக்கொண்டு நீரைச் சூடாக்கினால், அது எப்போது திறக்கிறது, எவ்வளவு திறக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். திறக்காவிட்டால் அதே வெப்பநிலை குறித்த புதியதைப் போட வேண்டும்; அந்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது. இந்தத் திருத்தத்தையாவது தங்கள் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கழற்றத் தொடங்குவதற்கு முன்னரே செய்ய வேண்டிய இன்னொரு வேலை, எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா என்று உறுதிசெய்துகொள்வது. பழைய வேன்கள் பலவற்றில் வெப்பநிலை கேஜும் எரிபொருள் கேஜும் ஒரே மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. அது கெட்டுவிட்டால் இரண்டு முட்களும் சேர்ந்தே உயரும். டேங்கில் இருப்பதைவிட அதிக எரிபொருள் இருப்பதாகக் காட்டும் வண்டி, இல்லாத சூட்டையும் காட்டுகிறது என்றே கொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறான பொய் இதைவிட ஆபத்தானது. நீர் குறைந்து சென்சார் காற்றில் நிற்கும்போது, எஞ்சின் வெந்துகொண்டிருக்க, முள் பாட்டுக்குக் கீழேயே கிடக்கும். அகச்சிவப்பு வெப்பமானியால் தெர்மோஸ்டாட் கூட்டின் மீதும், ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ்களின் மீதும் அளந்து பார்த்தால் ஐயம் தீரும். பளபளக்கும் உலோகத்தின் மீது மட்டும் அது தவறான அளவைத் தரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதே கருவியை ரேடியேட்டரின் முகப்பு முழுவதும் மெல்ல நகர்த்தினால், அடைபட்ட குழாய்கள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்த திட்டுகளாகத் தெரிந்துவிடும். ரேடியேட்டரை மாற்றச் சொல்வதற்கு முன் செய்யத்தக்க சோதனை இது. வெளிப்புறத்தையும் பார்க்க வேண்டும்: ஏ.சி. உள்ள வண்டிகளில் அதன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில் மண்ணும் பூச்சிகளும் சேர்ந்து கம்பளம்போல் அடைத்துக்கொள்வதுண்டு. முன்னாலிருந்து பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தோன்றும்.

ஃபேனைச் சோதிப்பது எளிது. பெல்ட்டினால் ஓடி, உள்ளிருக்கும் கெட்டியான திரவத்தின் பிடிப்பால் சுழலும் விஸ்கஸ் ஃபேனாக இருந்தால், எஞ்சினை நிறுத்தியபின் கையால் சுழற்றிப் பார்க்க, அது ஒருவித இறுக்கத்தோடு நிற்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்த இறுக்கம் இன்னும் கூடியிருக்க வேண்டும். தட்டிவிட்டால் தடையில்லாமல் பல சுற்றுகள் சுழலுமானாலோ, அதன் நடுப்பகுதியில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தாலோ, உள்ளிருக்கும் திரவம் போய்விட்டது என்று பொருள். மின்சார ஃபேனாக இருந்தால் ஃபியூஸ், ரிலே, வெப்பச் சுவிட்ச், எர்த் இணைப்பு என்ற வரிசையில் பார்க்கலாம். எஞ்சின் நின்ற பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கக்கூடும் என்பதால், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் அதனருகே கையைக் கொண்டுபோகக் கூடாது.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. அது நீரை மூடிவைப்பதற்கு மட்டும் இருப்பதன்று. அழுத்தத்தைத் தக்கவைத்து நீரின் கொதிநிலையை உயர்த்துவதும் அதுதான். 0.9 பார், அதாவது 13 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் வெறும் நீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வளையம் வெடித்துப்போன மூடியோ அந்த 18 டிகிரி இடைவெளியை முழுவதுமாகப் பறித்துவிடும். மற்றெல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் மட்டும் நீர் பொங்கி வழியும் வண்டியில், மிகக் குறைந்த விலையுள்ள இந்தப் பாகத்தையே முதலில் மாற்றிப் பார்ப்பது என் வழக்கம். நீரில் கலக்கும் திரவமான கூலன்ட்டைப் பொறுத்தவரை, நீரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்த கலவை கொதிநிலையைச் சற்று உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். ஆனால் கெட்டியாக ஊற்றினால் நன்றாகக் குளிரும் என்று எண்ணி நீர் கலக்காமலே ஊற்றுவது தவறு. வெப்பத்தை ஏந்திச் செல்வதில் நீரே சிறந்தது. அதன் பங்கைக் குறைக்கக் குறைக்க ரேடியேட்டரின் வேலை கடினமாகிறது.

வேன்களுக்கென்றே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலோ வண்டியின் பின்புறத்திலோ இருக்க, ரேடியேட்டர் வேறோர் இடத்தில் இருப்பதால், இடையே நீளமான குழாய்கள் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் நீர்க்குளிர்ச்சி எஞ்சின் கொண்ட பழைய வேன்களில் எஞ்சின் பின்புறத்திலும் ரேடியேட்டர் முன்புறத்திலுமாக, நீர் வண்டியின் முழு நீளத்தையும் கடந்து போய்த் திரும்ப வேண்டியிருந்தது. இத்தகைய அமைப்புகளில் நீரை மாற்றியபின் காற்றை முறையாக வெளியேற்றாவிட்டால், குழாயின் உயரமான இடத்தில் காற்று தங்கி நீரோட்டத்தை மறித்துவிடும். எஞ்சின் கொதிக்கும்போது வண்டிக்குள் இருக்கும் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்றே வருமானால், காற்றடைப்பு அல்லது நீர்க்குறைவு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வண்டியின் முன்பகுதியைச் சாய்வில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரை முழுமையாகத் திறந்து வைத்து, காற்று வெளியேற்றும் திருகாணிகளைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட வரிசையில் தளர்த்துவதே முறை. அவசரத்தில் நீரை ஊற்றி மூடிவிட்டு, மறுநாள் மீண்டும் கொதிக்கும்போது பம்ப்பைக் குறைசொல்வது இத்தொழிலில் அன்றாடம் நடப்பதுதான்.

நீரோடு தொடர்பில்லாத காரணங்களும் சில உள்ளன. தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும், எரிபொருள் கலவையில் பெட்ரோல் குறைந்தாலும், பிரேக் விடுபடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டே இருந்தாலும் எஞ்சின் சூடாகும். நீர் சார்ந்தவை யாவும் சரியாக இருந்தால் இவற்றைப் பார்த்தாக வேண்டும்.

இறுதியாக, எல்லாரும் அஞ்சும் ஹெட் கேஸ்கட்; அதாவது எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் அடியிலுள்ள பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு. அஞ்சுவதில் தவறில்லை, சோதிக்காமல் ஊகிப்பதே தவறு. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணிறக் குழம்பு இருப்பதைக் காட்டி, ஹெட்டை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதம் குளிர்ந்து நீர்த்துளிகளாகியும் அந்தக் குழம்பு சேரும் என்பதால், அது மட்டும் சான்றாகாது. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடங்களிலேயே, நீர் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லைப் போல் இறுகுவதும், வெளியே கசிவே இல்லாமல் நீர் குறைந்துகொண்டே வருவதும், ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் நிற்காமல் எழுவதும் வலுவான அறிகுறிகள். இவற்றுக்குப் பின்னரும் ஐயம் இருந்தால், சிலிண்டரிலிருந்து கசிந்து நீரில் கலந்துவரும் எரிந்த வாயுவைக் கண்டறியும் நீலநிறத் திரவம் கிடைக்கிறது. எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் வாயிலிருந்து எழும் ஆவியை அத்திரவத்தின் வழியே இழுக்க, கார்பன் டை ஆக்சைடு இருந்தால் அது மஞ்சளாகவோ, டீசல் எஞ்சினில் பச்சையாகவோ மாறும். மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்துவிட்டு, அதன் பிறகே எஞ்சினை இயக்கி இச்சோதனையைத் தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வேன்களில் விலகி ஓடவும் இடமிருக்காது.

சோதனை ஆம் என்று சொல்லிவிட்டால் ஹெட்டை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அப்போதும் புதிய கேஸ்கட்டைப் போட்டு முடுக்கிவிட்டால் வேலை முடிந்ததாகாது. அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருக்கக்கூடும். நேர்விளிம்புள்ள அளவுகோலை அதன் மீது வைத்து, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, தயாரிப்பாளர் அனுமதித்த அளவை மீறியிருந்தால் இழைத்துச் சமப்படுத்த வேண்டும். அந்தக் கேஸ்கட்டை எரித்த முதற்காரணம் அடைபட்ட ரேடியேட்டரா, ஓடாத ஃபேனா, யாரோ கழற்றிவிட்ட தெர்மோஸ்டாட்டா என்பதைக் கண்டு சரிசெய்யாமல் வண்டியை வெளியே அனுப்பினால், புதிய கேஸ்கட்டும் அதே வழியில்தான் போகும்.

இங்ஙனம்,
பழைய வேன்களைப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்