இன்வெர்ட்டரிடம் வேலை வாங்குங்கள்

மின்கட்டமைப்பை இயக்குகிறவர்களுக்கும் ஒழுங்குமுறை ஆணையங்களுக்கும்,

வணக்கம். மின்னழுத்தம் ஏறி இறங்கினாலே ‘சோலார் வந்ததால்தான் இப்படி’ என்று பேச்சு எழுகிறது. மின்தரத்தை, அதாவது வரும் மின்சாரம் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை, அளப்பதே என் தொழில். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

நடுப்பகலில் ஒரு ஃபீடரின், அதாவது வீடுகளுக்கு மின்சாரம் கொண்டுவரும் வழித்தடத்தின், கடைசி வீட்டைப் பாருங்கள். கூரையில் உற்பத்தி உச்சத்தில் இருக்கிறது, வீட்டில் செலவு குறைவு. மிச்ச மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரை நோக்கித் திரும்பி ஓட, கடைக்கோடியில் மின்னழுத்தம் ஏறுகிறது. 230 வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில் 10 சதவீத வரம்பான 253-ஐத் தாண்டியதும், சோலார் பலகையின் மின்சாரத்தை மாற்றி மின்கட்டமைப்பில் சேர்க்கும் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் மறுபடி இணைகிறது, மறுபடி ஏறுகிறது. வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில்தான் அந்த வீட்டுக்காரருக்கு நஷ்டம்.

அதே இன்வெர்ட்டரால் ரியாக்டிவ் பவரை (நேரடியாக வேலை செய்யாமல் கம்பியில் போய்த் திரும்பும், ஆனால் மின்னழுத்தத்தை மாற்றக்கூடிய மின்திறனை) இழுத்து அழுத்தத்தை அடக்க முடியும். வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிகளில், மின்னோட்டத்தை எதிர்க்கும் மின்தடையின் (ரெசிஸ்டன்ஸ்) பங்கு அதிகம், அதனால் அது மட்டும் போதாது. சரி, அப்போது உற்பத்தியை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லலாம். இன்றைய இன்வெர்ட்டர்கள் பலவற்றில் இந்த இரண்டு வசதியும் இருக்கின்றன. பல இடங்களில் அவற்றை முடக்கி வைத்திருக்கிறோம்.

இன்வெர்ட்டர் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்ற அமைப்பு (செட்டிங்) விதிகள் தவறினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். 2016 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயால் மின்தடப் பழுது ஏற்பட்டது. ஒரு கண அலைவடிவச் சிதைவை அதிர்வெண் வீழ்ச்சி என்று பல இன்வெர்ட்டர்கள் தவறாகக் கணித்தன. சுமார் 1,200 மெகாவாட் சூரிய உற்பத்தி போயிற்று. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டன. மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அங்கே பெரும்பாலான புதுப்பிக்கத்தக்க நிலையங்கள் மாறாத திறன் காரணியில் (மின்னழுத்தம் எப்படி இருந்தாலும் ரியாக்டிவ் பவரின் விகிதத்தை மாற்றாமல்) ஓடின. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலை அவற்றுக்குத் தரப்படவே இல்லை.

ஆகவே ஃபீடருக்கு ஏற்ற இன்வெர்ட்டர் அமைப்பைக் கட்டாயமாக்குங்கள். ரியாக்டிவ் பவர் தருகிறவர்களுக்கு, இரவில் தந்தாலும், கட்டணம் கொடுங்கள். ரியாக்டிவ் பவர் தரும் கெபாசிட்டர் பேங்க் வைக்கும் முன், ஹார்மோனிக்ஸோடு (மின்னலையைச் சிதைக்கும் கூடுதல் அதிர்வெண்களோடு) ஒத்ததிர்வு ஏற்பட்டு அந்தச் சிதைவு பெருகுமா என்று பாருங்கள்.

அப்புறம், துணைமின் நிலைய அளவை மட்டும் காட்டிக் கோப்பை மூடாதீர்கள். அந்தக் கடைசி வீட்டில் ஒரு வாரம் மீட்டர் வைத்து, 10 நிமிடச் சராசரிகளை எல்லாரும் பார்க்க வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மின்தர அளவீட்டுப் பொறியாளர் ஒருவர்