ஓரத்துப் பென்சில் கோட்டை அழித்துவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எட்வர்ட் லியரின் கிளிப் படங்களை வீட்டில் மாட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அவற்றை விக்டோரியா காலப் படங்கள் என்றது; அதற்கு ஒரு சின்னத் திருத்தம். லியர் விக்டோரியா கால ஓவியர்தான். 1846இல் அரசிக்கே ஓவியம் கற்றுக்கொடுத்தவர். ஆனால் கிளிப் படங்கள் வெளிவந்தது 1830 முதல் 1832 வரை. விக்டோரியா அரியணை ஏறியதோ 1837இல். தொடங்கும்போது லியருக்கு வயது 18.

கட்டுரை அச்சில் வந்த 42 படங்களைப் பற்றி மட்டுமே பேசியது. அவற்றுக்காக லியர் வரைந்து பார்த்த முன்வரைவுகள் பல ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வீட்டுச் சுவருக்கு அவைதான் பொருத்தம் என்பேன். பாடம் செய்த பறவையைப் பார்த்து வரைவது வழக்கமாக இருந்த காலத்தில், லண்டன் விலங்கியல் பூங்காவில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்தவர் அவர். தலைக்கும் அலகுக்கும் நீர்வண்ணம் ஏறியிருக்க, வால் வெறும் பென்சில் கோடாக நீளும். ஓரத்தில் வண்ணத்தைத் தொட்டுப் பார்த்த திட்டுகள், கைக்குறிப்புகள். சில தாள்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களின் முகங்களும் உண்டு, கொஞ்சம் கேலியாக.

அச்சுக்குப் போனதும் பறிபோவது இவைதான். அச்சுக் கடையில் படத்தின் கணினிக் கோப்பைத் திறந்த கையோடு, நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ‘ஆட்டோ’ திருத்தம் தட்டுவார்கள். பழுப்பேறிய தாள் பளிச்சென்று வெளுக்கும்; பென்சில் கோடும் காணாமல் போகும். மெல்லிய கோடு தாளின் நிறத்தைவிட ஓரிரு படிதான் கருமை, தாளை வெளுத்தால் அதுவும் சேர்ந்தே வெளுக்கும். ‘எதையும் திருத்த வேண்டாம், ஓரத்தை வெட்ட வேண்டாம்’ என்று எழுதியே கொடுங்கள். சோடியாக மாட்டுவதற்காகப் படத்தை இடவலம் திருப்புவதும் கூடாது. திருப்பினால் லியரின் கையெழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் நிற்கும்.

ஏ3 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். 200 புள்ளியில் வண்ணப் பகுதி தப்பித்துக்கொள்ளும், பென்சில் கோடு படிக்கட்டாக உடையும். கோப்பு சிறியதென்றால் ஏ4 போதும். இழுத்துப் பெரிதாக்க வேண்டாம்.

தாள் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய படம் என்று தந்த நிறத் தாளைத் தேடி வாங்குவார்கள். கோப்பிலேயே பழுப்பு இருக்கிறது, அது தந்தத்தின் மேல் விழும்போது மஞ்சள் இரட்டிப்பாகி, பஞ்சவர்ணக்கிளியின் நீலம் பச்சைக்குச் சாயும். வெளிர் வெள்ளையில், பளபளப்பில்லாத, நூறு சதவீதப் பருத்தித் தாளே சரி, கனம் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருந்தால் சுருளாது. ஒளிர்வூட்டி (தாளை வெள்ளையாகக் காட்டும் வேதிப்பொருள்) கலந்த தாள் முதலில் நீல வெள்ளையாக மினுக்கும், நாளடைவில் மங்கும். மை பிக்மென்ட் (நிறமித் துகள்) மையாக இருக்கட்டும், சாய மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். முழுப் படத்துக்கு முன், கிளியின் கண்ணும் பென்சில் ஓரமும் சேர்ந்து வரும் பகுதியை மட்டும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஈரக்காற்றில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது உரிந்து வரும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வரும், நடுவில் சன்னல்போல் வெட்டிய அமிலமற்ற மவுண்ட் அட்டையைச் சுற்றிலும் 6 செ.மீ., கீழே மட்டும் 7 செ.மீ. விட்டால் இடைவெளியும் கிடைக்கும், பார்வைக்கும் நிற்கும். மவுண்ட்டின் உள்விளிம்பு, படத்தில் தெரியும் லியரின் தாளின் ஓரத்துக்கு வெளியே 3 மி.மீ. தள்ளி அமையட்டும், இல்லாவிட்டால் வண்ணத் திட்டுகளை அட்டையே விழுங்கிவிடும். படத்தின் பின்புறம் முழுக்கப் பசை தடவுவது பெரிய தவறு. மழைக்காலத்தில் தாள் விரியும், விரிய வழியில்லாமல் அலையலையாக எழும்பும். மேல் விளிம்பில் இரண்டே இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டைக் கோதுமை மாவுப் பசையில் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். பசையைக் கொஞ்சமாகத் தடவுங்கள், பூச்சிக்கு அது விருந்து. செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பின்னால் ஹார்டுபோர்டு வைத்தால் நடுவில் அமிலமற்ற தாள் ஒன்று கட்டாயம்.

லியர் 1888இல் மறைந்தவர், காப்புரிமைச் சிக்கல் இல்லை. விற்பனைக்கு அச்சிடுபவர்கள் மட்டும் கோப்பைத் தரும் நூலகத்தின் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளட்டும்.

கட்டுரையோடு நீங்கள் வெளியிட்ட ஒரே முன்வரைவிலும் ஓரம் வெட்டப்பட்டிருந்தது. இடமிருந்தால் அடுத்த இதழில் அதை முழுத் தாளாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
படச்சட்டத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்