உலகாயதம் என்றால் நெய் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் வரும் தத்துவ அறிமுகத் தொடரை விடாமல் படித்து வருகிறேன். நியாயம், வைசேடிகம், சாங்கியம் என்று ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாகப் பொறுமையாக விளக்கிய கட்டுரையாளர், கண்ணால் காணும் இந்த உலகமே மெய் என்ற உலகாயதத்துக்கு (சார்வாகம் என்றும் சொல்வார்கள்) வந்ததும் "கடன் வாங்கியாவது நெய் குடி என்றவர்கள்" என்று ஒரே பத்தியில் ஆளை அனுப்பிவிட்டார். பழைய துறவி மரபுகளில் ஒன்றான ஆசீவகத்துக்கு அதுவும் கிடைக்கவில்லை. "எல்லாம் விதி என்றவர்கள்", அவ்வளவுதான்.

அந்த நெய்க் கதையை யார் நமக்குச் சொன்னது என்பதையாவது எழுதியிருக்கலாம். 14-ஆம் நூற்றாண்டு மாதவரின் சர்வதரிசன சங்கிரகம் என்ற தத்துவத் தொகுப்பு நூல்தான் அதைப் பிரபலமாக்கியது. மாதவர் அத்வைத வேதாந்தி; சார்வாகத்தை முதல் அத்தியாயத்தில் வைத்து, ஒவ்வொரு மதமாக மறுத்துக்கொண்டே கடைசியில் தன் கட்சிக்கு வந்து சேர்பவர். உலகாயதர்கள் தாங்களே எழுதிய மூலநூல் முழுசாக நம் கைக்கு வரவில்லை. (ஜெயராசி பட்டரின் தத்துவோபப்லவசிம்மம் 1940-இல் அச்சானது, ஆனால் அதை உலகாயதக் கணக்கில் சேர்க்கலாமா என்பதிலேயே அறிஞர்களுக்குள் சண்டை.) ஆக, நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் எதிர்க்கட்சி வக்கீல் எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

சரி, எதிராளி சொன்னாலும் ஒழுங்காகச் சொல்ல முடியாதா என்றால், முடியும். மணிமேகலையின் 27-ஆம் காதையை எடுத்துப் பாருங்கள். அது பௌத்தக் காப்பியம். வஞ்சி நகரில் மணிமேகலை, அறிவுக்கான சான்றுகளைப் பேசும் அளவைவாதியில் தொடங்கி, உலகாயதத்துக்கு நெருங்கிய பூதவாதி வரைக்கும் பத்துப் பேரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். பூதவாதி நெய்யைப் பற்றிப் பேசவே இல்லை. ஆத்திப்பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றவற்றையும் சேர்த்தால் எப்படிப் போதை பிறக்கிறதோ, அப்படி நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, கண்ணால் கண்டதே சான்று, மறுபிறப்பு பொய் என்கிறார். தனித்தனியாக எதிலும் இல்லாத ஒரு குணம் சேர்க்கையில் எப்படி வந்தது என்று இன்றைக்கு மூளையையும் மனசையும் பற்றிப் பேசுகிறவர்களும் மல்லுக்கட்டுகிற கேள்விதானே இது!

மணிமேகலையின் பதில் இன்னும் சுவாரசியம். தன் முற்பிறப்பை அவள் அறிந்ததை எல்லாம் பூதவாதி நம்பத் தயாரில்லை என்றதும், சரி, உன் தாய் தந்தை இவர்கள்தான் என்று அனுமானத்தைத் தவிர வேறு எதனால் அறிந்தாய் என்று ஒரு போடு போடுகிறாள். கட்சியும் எதிர்க்கட்சியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால்தான் வாசிக்கிறவனுக்கு எது பலம், எது ஓட்டை என்று பிடிபடுகிறது. அருணந்தி சிவாசாரியாரும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களைப் பேசும் பரபக்கத்தில் உலகாயதன் தொடங்கி ஒவ்வொரு மதத்தையும் முதலில் பேசவிட்டு அப்புறம்தான் மறுக்கிறார். மறுப்பு கடுமையாகவே இருக்கும், ஆனால் பேசவிடுகிறார்.

ஆசீவகத்தையும் இதே காதையில் பார்க்கலாம். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்கள், அவை அழிவதில்லை, புதிதாகப் பிறப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுவதில்லை, கூடினால் மலையாகும் என்று ஆசீவகத்தின் ஆசானான மற்கலியின் நூலை எடுத்துச் சொல்கிறார் ஆசீவகவாதி. சமண நூலான நீலகேசியில் ஆசீவக வாதத்துக்குத் தனிச் சருக்கமே உண்டு. வடக்கே பீகாரில் உள்ள பராபர் குகைகளை அசோகர் ஆசீவகர்களுக்குக் கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. இவ்வளவு இருக்கும்போது ஒரு வரியில் தள்ளிவிட்டது அநியாயம்.

அடுத்து பௌத்தப் பிரிவுகள் வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். சௌத்திராந்திகரையும் யோகாசாரரையும் மாத்யமிகரையும் "எல்லாம் சூனியம் என்றவர்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடாமல், ஒவ்வொருவரும் எந்தக் கேள்விக்குப் பதில் தேடினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு கொள்கையை அதன் எதிரி நூலிலிருந்து எடுத்தால், எந்த நூல், எழுதியவர் எந்தக் கட்சி என்று பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். தொடர் புத்தகமாக வரும்போது உலகாயத அத்தியாயத்தைத் திரும்ப எழுதிவிட்டால் நல்லது.

அன்புடன்,
தஞ்சாவூர் வாசகர் ஒருவர்