அவன் வேண்டுமென்றே செய்யவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் வயிற்றுப் பேரனை நான்தான் வளர்க்கிறேன். 11 வயது. வயிற்றில் இருந்தபோதே மதுவால் அவன் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. மருத்துவர்கள் இதை 'ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்' என்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு உதவி வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பார்த்தால் ஒன்றும் தெரியாது. மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே பள்ளமில்லாத முகம் போன்ற அடையாளங்கள் சில பிள்ளைகளுக்குத்தான் இருக்கும். என் பேரன் வாய் ஓயாமல் பேசுவான், யாரிடமும் ஒட்டிக்கொள்வான். அதனால் எல்லாம் புரிகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். "ஷூவைப் போட்டுக்கிட்டு, பையை எடுத்துக்கிட்டு, விளக்கை அணைச்சிட்டு வாடா" என்றால் ஒரு காலில் ஷூவோடு திகைத்து நிற்பான். ராத்திரி தப்பில்லாமல் ஒப்பித்த வாய்ப்பாடு காலையில் அடியோடு மறந்திருக்கும். நடந்தது நினைவுக்கு வராதபோது தோன்றியதைச் சொல்லி நிரப்புவான். பள்ளியில் இதையெல்லாம் திமிர், பொய் என்கிறார்கள். தண்டித்தால் திருந்துவான் என்கிறார்கள். இதைச் செய்தால் இன்னது நடக்கும் என்று யோசிக்கிற திறனே அடிபட்டிருக்கிறது. தண்டனையால் அவன் பயத்தை மட்டும்தான் கற்றுக்கொள்கிறான்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொன்னால் செய்கிறான். பல் தேய்ப்பதிலிருந்து தலை வாருவதுவரை குளியலறைக் கதவில் படமாக ஒட்டியிருக்கிறேன். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து முடித்துவிடுவான். இதை வகுப்பறையிலும் செய்யலாம். பெரிய செலவில்லை. ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரத்தான் ஆளில்லை. அமெரிக்க மருத்துவர்கள் இதன் கடுமையான வடிவத்துக்கு 1973-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். உலக அளவில் 1000 பேரில் சுமார் 8 பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம் என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் புது வகுப்புக்குப் போகும்போதெல்லாம் நான் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது.

உதவி கேட்டுப் போன இடத்தில் அவனுடைய ஐக்யூ 70-க்கு மேல் இருக்கிறது, தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்வது அநியாயம். மீதிச் சில்லறையை எண்ணத் தெரிகிறதா, முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் பின்னாலேயே போய்விடுவானா என்றும் பாருங்கள்.

என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்ப்பம் என்று தெரியாத வாரங்களில் அவள் குடித்தாள், பிறகும் விட முடியவில்லை. கர்ப்பகாலத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. இதை அவளுக்கு யாரும் பக்குவமாகச் சொல்லவில்லை. பிரசவத்துக்குப் பின் நாலு பேர் முன்னால் கேட்டபோது, குடிக்கவே இல்லை என்றாள். முகத்தில் அடையாளம் இல்லாத பிள்ளைக்குத் தாயின் வாக்குமூலம்தான் முக்கியத் தடயம். அவள் பயந்து மறைத்ததால் பேரனுக்கு என்ன பாதிப்பு என்று தெரியவே பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆறு வயதுக்குள் கண்டுபிடித்து, நிலையான வீட்டில் வளர்த்தால் பின்னாளில் வரும் சிக்கல்கள் குறைகின்றன. தாயைத் தனியாக உட்காரவைத்து, ஏசாமல் கேளுங்கள்.

என்னைப் போன்றவர்களுக்கு இளைப்பாறவும் வழி வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் வாரத்தில் ஓர் அரை நாள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் போதும், என் உடம்பைக் கவனித்துக்கொள்வேன். இந்தப் பாதிப்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். 18 வயது நிரம்பியதும் உதவி நின்றுவிடக் கூடாது. அப்போது அவன் பக்கத்தில் நான் இருப்பேனா என்பது நிச்சயமில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு பாட்டி