விருதைத் திரும்பப் பெற்றது சரிதான்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடுத்த விருதைத் திரும்பப் பெறும் வழக்கத்தைக் கண்டித்து உங்கள் சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இன அழிப்பு) நினைவு அருங்காட்சியகம், மியான்மரின் (பழைய பர்மாவின்) தலைவர் ஆங் சான் சூச்சிக்கு 2012-ல் கொடுத்த விருதை 2018-ல் ரத்து செய்ததை அதற்கு உதாரணமாகக் காட்டியிருந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது பண்பாடு இல்லை என்பது அவருடைய முதல் வாதம். பழையதைப் பாதுகாக்கும் அருங்காட்சியகத்துக்கு இன்றைய அரசியலில் என்ன வேலை என்பது இரண்டாவது. பல ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். இந்த இரண்டு வாதங்களையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த அருங்காட்சியகம் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் எலீ வீசல். 1944-ல், பதினைந்து வயதில், குடும்பத்தோடு நாஜிகளின் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர். தாயும் குட்டித் தங்கையும் அங்கே கொல்லப்பட்டார்கள். தந்தை அடுத்த ஆண்டு புக்கன்வால்ட் முகாமில் இறந்தார். யூத இன அழிப்பை எப்படி நினைவுகூரலாம் என்று ஆராய 1978-ல் அதிபர் கார்ட்டர் அமைத்த ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் வீசல்தான். 1993 ஏப்ரலில் அருங்காட்சியகத் திறப்பு விழா மேடையில் பேசும்போது, பக்கத்தில் இருந்த அதிபர் கிளின்டனின் பக்கம் திரும்பி, முன்னாள் யுகோஸ்லாவியாவில் நடக்கும் ரத்தக்களரியை நிறுத்த ஏதாவது செய்யுங்கள், அங்கே பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை என்று சொன்னார். திறந்த அன்றே இன்றைய அரசியலைப் பேசிய இடம் அது. செத்தவர்களின் செருப்புகளை அங்கே குவித்து வைத்திருப்பது மறுபடி ஒரு குவியல் சேரக் கூடாது என்பதற்காகத்தான். 2011-ல் தொடங்கிய அதன் உயரிய விருது முதலில் வீசலுக்கே தரப்பட்டு, பிறகு அவர் பெயரையே தாங்கியது.

அடுத்த ஆண்டு அது சூச்சிக்குப் போனது. அவருடைய துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1989 ஜூலைக்கும் 2010 நவம்பருக்கும் இடைப்பட்ட 21 ஆண்டுகளில் ஏறக்குறைய 15 ஆண்டுகள், ராணுவ ஆட்சியை எதிர்த்ததற்காக அவர் காவலில் இருந்தார். கணவர் மைக்கேல் ஏரிஸ் புற்றுநோயால் 1999-ல் இங்கிலாந்தில் இறந்தபோதுகூட அவர் போகவில்லை. போனால் ராணுவம் மறுபடி நாட்டுக்குள் விடாது என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவருக்காக வருந்தாத ஆசிரியர் அறை இருந்திருக்காது.

ஆனால் அதே 2012-ல் வேறொன்றும் நடந்தது. ஜூனிலும் அக்டோபரிலும் மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் கலவரம். லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரோஹிங்கியா முஸ்லிம்கள். 1982-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தால் ஏற்கெனவே சொந்த மண்ணில் நாடற்றவர்கள் ஆக்கப்பட்டவர்கள். நாடாளுமன்ற உறுப்பினராகிவிட்ட சூச்சி அதைப் பற்றி மழுப்பலாகத்தான் பேசினார். அப்போதே அருங்காட்சியகம் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். அதன் மீது எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 2015 தேர்தலில் அவர் கட்சி வென்றது. 2016-ல் அரசின் தலைமை ஆலோசகர் என்ற பதவியில் அமர்ந்தார். 2017 ஆகஸ்ட் 25-ல் ஆயுதக் குழு ஒன்று காவல் சாவடிகளைத் தாக்கியதைக் காரணம் காட்டி ராணுவம் கிராமம் கிராமமாக இறங்கியது. கொலை, பாலியல் வன்கொடுமை, தீவைப்பு. சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டி வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தஞ்சம் புகுந்தார்கள். ராணுவம் சூச்சியின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது உண்மை. அந்த நாட்டின் அரசியல் சட்டம் அப்படி. ஆனால் பேசும் வாயை யாரும் கட்டவில்லையே? ஐ.நா. விசாரணைக் குழுவை உள்ளே விட மறுத்தது அவருடைய அரசு. இன் தின் கிராமத்தில் பத்துப் பேர் கொல்லப்பட்டதைத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்த ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியா சோ ஊ இருவரும் 2017 டிசம்பரில் கைதாகி, பின்னர் ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றதும் அந்த அரசின் காலத்தில்தான்.

இனி அருங்காட்சியகத்தின் நிலையைப் பாருங்கள். மியான்மரில் இன அழிப்புக்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று 2015 மே மாதமே அது அறிக்கை வெளியிட்டு எச்சரித்திருந்தது. 2017 நவம்பரில் ஒரு மனித உரிமை அமைப்போடு சேர்ந்து, தப்பி வந்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி இன்னொரு அறிக்கையும் கொண்டுவந்தது. ஒரு அறையில் அந்த வாக்குமூலங்கள். விருது பெற்றோர் பட்டியலிலோ அவை பொய் என்று மறுக்கும் அரசின் முகமாக இருப்பவர். இரண்டும் ஒரே கட்டடத்தில் எப்படி இருக்க முடியும்? 2018 மார்ச் 6 தேதியிட்ட கடிதத்தில் அருங்காட்சியகம் இதைத்தான் வருத்தத்தோடு அவருக்கு எழுதியது. ராணுவத்தின் கொடுமையைக் கண்டிப்பீர்கள் என்று எதிர்பார்த்தோம், உங்கள் கட்சியோ ரோஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சுக்குத் துணைபோனது என்பது அதன் சாரம்.

"அப்படியானால் அவர் பட்ட பாடெல்லாம் பொய்யா?" என்று வாசகர் கேட்கிறார். பொய்யே இல்லை. அந்த 15 ஆண்டுகளை யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் ஒரு விருது கொடுத்த நாளோடு முடிவதில்லை. அதைப் பெற்றவர் பேசும் மேடையெல்லாம் அந்தப் பெயரும் கூடவே போகிறது. இறந்துபோனவர்களின் பெயரால், தப்பிப் பிழைத்தவர்களின் சார்பில் தரப்படும் விருது இது. அதன் மீது முதல் உரிமை அவர்களுக்குத்தான். பெற்றவரின் மனம் நோகுமே என்று தயங்கினால், அந்த விருதுக்குப் பின்னால் நிற்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவருக்குக் கொடுத்த அமைதிப் பரிசைத் திரும்பப் பெற விதிகளில் இடமில்லை என்று நோபல் குழு கைவிரித்துவிட்டது. மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி அவருக்குக் கொடுத்த விருதை அதே 2018 நவம்பரில் திரும்பப் பெற்றது. 2019 டிசம்பரில் சூச்சியே தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்கு நேரில் போய், இன அழிப்புக் குற்றச்சாட்டுக்கு எதிராகத் தன் நாட்டுக்காக வாதாடியபோது, அருங்காட்சியகம் அவசரப்படவில்லை என்பது உறுதியானது. 2021 பிப்ரவரியில் அதே ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து அவரை மறுபடி சிறையில் அடைத்தது பெரும் அநியாயம். அதற்கு எதிராகக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த அநியாயத்துக்கு ஈடாக இந்த விருதை மறுபடி அவருக்குக் கொடுக்கச் சொல்ல முடியாது.

இதில் பாடம் படிக்க வேண்டியது அருங்காட்சியகம்தான். ஆட்சிக்கு வரப்போகிறவர்களை, ஆட்சியில் இருப்பவர்களை விட்டுவிட வேண்டும். 2017-ல், ஜெர்மனியின் அரசுத் தலைவராகப் பதவியில் இருந்தபோதே ஏங்கலா மெர்க்கலுக்குக் கொடுத்ததும் எனக்கு உடன்பாடில்லை. அகதிகளுக்கு அவர் கதவு திறந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து அவர் என்ன முடிவெடுப்பார் என்று அன்று யாருக்குத் தெரியும்?

அதே விருதை 2014-ல் பெற்ற ரோமியோ டலேரைப் பாருங்கள். 1994-ல் ருவாண்டாவில் ஐ.நா. படைக்குத் தலைமை வகித்த கனடா நாட்டுத் தளபதி. ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, கைப்பற்ற அனுமதி கொடுங்கள் என்று ஜனவரியிலேயே தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினார். அனுமதி கிடைக்கவில்லை. ஏப்ரலில் கொலைகள் தொடங்கியதும் கூடுதல் வீரர்களைக் கேட்டார். பாதுகாப்பு கவுன்சிலோ இருந்த படையையும் குறைத்தது. எஞ்சிய சில நூறு பேரோடு அங்கேயே நின்று, முடிந்தவர்களைக் காப்பாற்றினார். நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் மாண்டார்கள். அவர் தோற்றார் என்றும் சொல்லலாம். ஆனால் செய்தது செய்தது. இனி எந்தப் பதவியும் அதை மாற்ற முடியாது.

2019-ல் பெற்ற செர்ஜ், பியாட்டே கிளார்ஸ்ஃபெல்ட் தம்பதியும் அப்படித்தான். செர்ஜின் தந்தை நீஸ் நகரில் பிடிபட்டு ஆஷ்விட்ஸில் இறந்தவர். பியாட்டேயின் தந்தை ஜெர்மன் ராணுவத்தில் இருந்தவர். இருவரும் சேர்ந்து, லியோன் நகரின் கசாப்புக்காரன் எனப்பட்ட நாஜி அதிகாரி கிளாஸ் பார்பி பொலிவியாவில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1987-ல் அவனுக்கு பிரான்சில் ஆயுள் தண்டனை கிடைத்தது. பிரான்சிலிருந்து முகாம்களுக்கு அனுப்பப்பட்ட சுமார் 76 ஆயிரம் யூதர்களின் பெயர்களை செர்ஜ் பட்டியலாக்கி 1978-ல் வெளியிட்டார். ஓர் அருங்காட்சியகம் விருது கொடுக்க இதைவிடப் பொருத்தமான வேலை எது?

ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகம் 1963 முதல் ஓர் ஒழுங்கோடு இப்படி கௌரவம் அளித்துவருகிறது. யூதர் அல்லாத ஒருவர் தன் உயிரைப் பணயம் வைத்து, கூலி எதிர்பாராமல் யூதரைக் காப்பாற்றினாரா என்று ஒரு குழு ஆதாரம் கேட்டு விசாரிக்கிறது. லித்துவேனியாவில் 1940-ல் மேலிடத்தின் பேச்சை மீறி ஆயிரக்கணக்கான விசாக்களை எழுதிக் கொடுத்த ஜப்பானியத் தூதரக அதிகாரி சியுனே சுகிஹாராவுக்கு அந்த அங்கீகாரம் 1984-ல்தான் கிடைத்தது. தாமதம்தான். ஆனால் அசைக்க முடியாதது.

விருதைத் திரும்பப் பெற்ற அதே 2018-ல் வாஷிங்டன் அருங்காட்சியகம் அதை உயிர்பிழைத்த அனைவருக்கும் சேர்த்து வழங்கியது. அதுவே அது எடுத்த மிக நல்ல முடிவு என்பேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். பர்மாவிலிருந்து அறுபதுகளில் சொத்துசுகம் இழந்து திரும்பிய குடும்பங்களைத் தமிழ்நாடு அறியும். சென்னையின் பர்மா பஜார் அவர்களால் வந்ததுதான். அதே நாட்டிலிருந்து விரட்டப்பட்ட ரோஹிங்கியா குடும்பங்கள் சில இப்போது கேளம்பாக்கத்தில் இருக்கின்றன. விருது பற்றி நாங்கள் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருக்கிறோம், அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
பாளையங்கோட்டை