முதலில் ஐஎஸ்டி கட்டணத்தைக் குறையுங்கள்: கைபேசி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். வாட்ஸ்அப் போன்ற செயலிகளுக்கும் உரிமம் வேண்டும், 'ஒரே சேவைக்கு ஒரே விதி' வேண்டும் என்று அரசிடம் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் உங்கள் ஐஎஸ்டி கட்டணத்தை, அதாவது வெளிநாட்டு அழைப்புக் கட்டணத்தைக் குறையுங்கள்.

எங்கள் தெருவில் சபுரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில், ஆள் இல்லாத வீடு குறைவு. துபாயில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம். பேச மட்டும் முடியாது, அந்த அரசு அடைத்து வைத்திருக்கிறது. அவசரத்துக்கு உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

போன மாதம் என் மாமி விடியற்காலையில் மவுத்தானார். மகன் துபாயில். மதுரைக்கு விமானம் கிடைக்குமா, அடக்கத்தை அஸர் தொழுகைக்கு, சாயங்காலமே வைப்பதா, இன்னும் பொறுப்பதா என்று அவனிடம்தான் கேட்க வேண்டும். ஐஎஸ்டியில் கூப்பிட்டோம். அவன் அழுது முடிப்பதற்குள் காசு தீர்ந்து இணைப்பு அறுந்தது. மறுபடி காசு போட்டோம், அதுவும் பாதியில் தீர்ந்தது. மிச்சத்தைக் குரல் பதிவுகளாக அனுப்பினோம். தன் உம்மாவின் அடக்கத்தைப் பற்றி ஒரு பிள்ளை துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். இதை என்னால் மறக்க முடியவில்லை.

செயலிகள் உங்கள் வருமானத்தைப் பறிக்கின்றன என்கிறீர்கள். அந்தச் செயலியில் பேசவும் உங்களிடம்தானே டேட்டா வாங்குகிறோம்? 2014 டிசம்பரில் உங்களில் ஒரு நிறுவனம் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் அறிவித்தது. மக்கள் எதிர்த்ததும் கைவிட்டது. அதே ஆசை இப்போது உரிமம், விதி என்று வேறு வழியில் வருகிறது. 28 நாளை ஒரு மாதம் என்று வைத்து வருஷத்துக்கு 13 முறை ரீசார்ஜ் வாங்குவதும் நீங்கள்தான். அதிலும் மனம் நிறையவில்லையா?

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். உள்நாட்டில் எவ்வளவு நேரமும் பேச விடுகிறீர்கள். வளைகுடா நாடுகளுக்கு மட்டுமாவது அதற்கு நெருக்கமான ஒரு கட்டணம் வையுங்கள். இலங்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மண்டபம் அகதி முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் அக்கரைச் சொந்தங்களிடம் பேசுவதற்கும் நிமிஷக் கணக்குத்தான். கட்டணத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் விதிகளைப் பற்றிப் பேசுங்கள். அதுவரை செயலி அழைப்புக்குக் கட்டணம் கேட்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழக்கரை வாடிக்கையாளர் ஒருவர்