தார் சொட்டும் ஊரில் இருக்கும் மகளுக்கு

முள்ளியவளை,
பங்குனி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் சளி விட்டுவிட்டது, இருமல் மட்டும் இரவில் வந்து போகிறது. காலபோக நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. விலை வழக்கம்போலத்தான், அதைப் பற்றி எழுதினால் கடிதம் முழுக்க அதுவாகிவிடும்.

போன கிழமை நீ வாட்ஸ்அப்பில் சொன்ன இரண்டு விஷயத்துக்கும் அப்போதே பதில் சொல்ல வாயெடுத்தேன், லைன் அறுந்துவிட்டது. ஒருவகையில் நல்லதுதான். நான் கதைத்தால் கோபம் முந்திக்கொள்ளும், எழுதினால் கொஞ்சம் நிதானமாக வரும்.

ஒன்று, அந்தப் பிறந்தநாள் வீட்டில் பெரியவர் ஒருவர் உன்னைக் கேட்டது: "மொறட்டுவையில் எஞ்சினியரிங் படிச்சுப்போட்டு இப்ப கார்ட்டூன் கீறுறீராம். இன்னும் ஒண்டிலும் நிலைக்கேல்லையோ பிள்ளை?" மற்றது, உன்னோடு வேலை செய்கிற பிள்ளை உன்னைத் தேற்ற நினைத்து, எல்லாம் ஓடுகிற ஓட்டம்தான், அதோடு போய்க்கொண்டிரு என்று சொன்னது. முதலாவது சுட்டது, இரண்டாவதும் ஏனோ ஆறுதலாக இல்லை என்றாய். இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குத் திண்மம், திரவம், வாயு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். அந்த மூன்று பெட்டிக்குள் அடங்காததுதான் உலகத்தில் கனக்க.

முதலில் ஒரு வேலை செய். நீ இருக்கும் பிரிஸ்பேனிலேயே குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பௌதிகப் பிரிவில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் புனல் ஒன்றில் கறுப்பாக ஒன்று வைத்திருக்கிறார்கள். போய்ப் பார். கப்பல் பலகைகளுக்கு நீர் புகாமல் பூசுவார்களே, அந்த வகைக் கெட்டித் தார். தோமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் அதைச் சூடாக்கிப் புனலில் ஊற்றி, அடங்கட்டும் என்று மூன்று வருடம் விட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். சுத்தியலால் அடித்தால் அந்தத் தார் கண்ணாடித் துண்டாக உடையும். அப்படியே விட்டால் சொட்டும். முதல் சொட்டு விழ எட்டு வருடம் சென்றது. 2014 வரைக்கும் மொத்தம் ஒன்பது சொட்டு. அதன் பிசுக்குமை, அதாவது ஓட மறுக்கும் குணம், தண்ணீரைவிட ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் பார்னெல் இல்லை. ஜோன் மெயின்ஸ்டன் என்று ஒருவர், 1961இலிருந்து அந்தப் புனலுக்குக் காவல் இருந்தவர். 1988இல் சொட்டு விழப்போகிற நேரம் ஏதோ குடிக்கக் கொஞ்சம் வெளியே போனார், அதற்குள் விழுந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு அவர் ஊரில் இல்லை, கமெரா வைத்திருந்தார்கள், கமெரா பழுதாகிப் போனது. ஒன்பதாவது சொட்டு விழுவதற்குச் சில மாதம் முன்பு, 2013இல், மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு சொட்டுக்கூட விழுவதைப் பார்க்கவில்லை. இருந்தும் அது திரவம் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தப் பெரியவர் உன்னை எத்தனை தரம் பார்த்திருப்பார்? கலியாண வீட்டில் ஒருதரம், பிறந்தநாளில் ஒருதரம். சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திண்மம் என்று எழுதிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. ஒரு சொட்டைக் கண்டுவிட்டு, இது நிலைக்காது என்று எழுதுகிறவர்கள் இன்னொரு வகை. அவரே இங்கேயிருந்து வெளிக்கிட்டு நாடு நாடாக மாறித்தான் அங்கே வந்து சேர்ந்தவர், அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? இதை நீ அவருக்குச் சொல்லவேண்டாம். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சங்கதிக்கு விஞ்ஞானத்தில் ஓர் எண்ணே இருக்கிறது. மார்க்கஸ் ரைனர் என்ற விஞ்ஞானி 1964இல் எழுதினார். வேதாகமத்தில் தெபொராள் என்ற தீர்க்கதரிசி பாடுகிற பாட்டில், கர்த்தருக்கு முன்னால் மலைகள் ஓடின என்று வரும். மனிசர் பார்க்கும்போது ஓடாத மலை கடவுள் பார்க்கும்போது ஓடுகிறது, ஏனென்றால் கடவுளுக்குப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்கிறது என்று ரைனர் விளக்கம் சொன்னார். ஒரு பொருள் இளகிக்கொடுக்க எடுக்கும் நேரத்தை, நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தால் பிரித்தால் வருவது தெபொராள் எண். எண் பெரிதென்றால் அது நமக்குத் திண்மம், சிறிதென்றால் திரவம். பொருள் அதேதான். மடுமாதா கோயிலுக்கு நடந்து போகிற எங்கள் மேரி ரீச்சரம்மாவுக்கு இதைச் சொன்னேன், அவவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

ஒன்று சொல்லவேண்டும், பழைய தேவாலயங்களின் யன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பது நூற்றாண்டுக் கணக்கில் வழிந்து இறங்கியதால் என்று இங்கே சில புத்தகங்களில் இன்னும் போடுகிறார்கள். அது சரியில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடு செய்த விதத்தில் ஒரு பக்கம் தடித்து வந்தது, அவ்வளவுதான். எல்லாம் ஓடும் என்று சொல்ல ஆசைப்பட்டு ஓடாததையும் ஓடவிடக்கூடாது.

சரி, நெல்லுக்கு வருகிறேன். போன மாதம் மாமாவின் வயலில், முத்தையன்கட்டு இடதுகரையில், மெஷின் வந்து அறுத்தது. தறப்பாளில் நெல்லைக் கொட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். குழாயில் இருந்து வரும்போது அது முழுத் திரவம். தறப்பாளில் விழுந்ததும் குவியல். மேலே இன்னும் விழ விழக் குவியலின் பக்கத்தில் சின்னச் சரிவுகள் வழுகி ஓடுகின்றன, ஓடி நின்றதும் சரிவு பழைய கோணத்துக்கே வந்துவிடுகிறது. எவ்வளவு கொட்டினாலும் அந்தக் கோணம் பெரிதாக மாறாது. தண்ணீரில் இப்படி ஒரு மேட்டை உன்னால் கட்ட முடியுமா? குளத்தில் தண்ணீர் இறங்க இறங்கத் துருசுக் கதவால் பாயும் வேகமும் குறையும், அது உனக்குத் தெரிந்த கணக்கு. நெல் சேர்த்து வைக்கும் கொம்பறையில் அப்படி இல்லை. அடியில் சின்ன ஓட்டை இருந்தால், மேலே நெல் நிறைந்திருந்தாலும் பாதி இருந்தாலும் ஒரே அளவாகத்தான் வரும். மணிகளின் பாரத்தில் ஒரு பங்கைச் சுவரும் உரசித் தாங்கிக்கொள்ளும். ஜான்சன் என்ற ஜெர்மன்காரர் 1895இல் தானியக் களஞ்சியங்களை அளந்து, ஓர் ஆழத்துக்குக் கீழே அடியிலுள்ள அமுக்கம் கூடுவதில்லை என்று காட்டியிருக்கிறார். மாமாவுக்குச் சொன்னேன். "இதுக்கு ஜெர்மன்காரனே வேணும்?" என்றார்.

சேறு வேறு கதை. நீ சின்னதில் சேற்று விதைப்பு நேரம் வயலில் இறங்கிக் கால் புதைந்து அழுதாயே, மாமா தூக்கவில்லை, "இழுக்காதை, மெள்ள ஆட்டு" என்றார். வெடுக்கென்று இழுத்தால் காலுக்குக் கீழே காற்றும் தண்ணீரும் புகுவதற்கு நேரம் இல்லை, சேறு பிடித்துக்கொள்ளும். மெள்ள ஆட்டினால் இளகிவிடும். சோளமாவைத் தண்ணீரில் குழைத்துக் குத்திப் பார், கை உள்ளே போகாது. விரலை மெதுவாக வை, போய்விடும். முட்டித் தயிர் மாறு பக்கம்: அசையாமல் விட்டால் வெட்டி எடுக்கலாம், அகப்பையால் அடித்தால் தண்ணீராகும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஆட்களும் அப்படித்தான், ஆனால் அதை இழுத்துக்கொண்டு போனால் பிரசங்கம் ஆகிவிடும்.

இனி அந்த மற்றப் பிள்ளைக்கு. ஓட்டத்தோடு போ என்று சொல்கிறவர்கள் வாய்க்காலின் கடைசியில் வயல் செய்யாதவர்கள். தண்ணீர் தன் பாட்டில் ஓடினால் மேல்வயல்காரனுக்கு மட்டும்தான் விளையும். சிறுபோகத்துக்கு முன்பு பயிர்ச்செய்கைக் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, இத்தனை ஏக்கர்தான் என்று பிரித்து, துருசு எந்தத் திகதி திறப்பது, எந்தப் பக்கத்துக்கு எப்போது முறை என்று எழுதுவார்கள். அங்கே நடக்கும் சண்டையை நீ பார்க்கவேண்டும். மண்வெட்டியோடு இரவில் வாய்க்கால் காவல் இருக்கிறவர்களிடம் போய் ஓட்டத்தைப் பற்றித் தத்துவம் சொல்லிப் பார். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். அதுவும் ஓட்டம்தான். கட்டும் கதவும் இல்லாத தண்ணீரைப் பார்த்தவர்கள் நாங்கள். 2004இல் கடலையும் பார்த்தோம்.

எங்களுக்கும் நிலை என்று ஒன்று இருந்ததில்லை. 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்தபோது வளவின் எல்லை எது என்று தெரியவில்லை. வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால்கள் மரமாகி வரிசையாக நின்றன, அதைப் பிடித்துத்தான் அப்பா கயிறு கட்டினார். வேறு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, கிணற்றுக்கட்டைத் தவிர. இதற்கு மேல் அதை எழுதவேண்டாம்.

உனக்குக் கூத்து ஞாபகம் இருக்கும். கோவலன் கூத்தில் ஒரு பாட்டு ஒரு வருடம் போனதுபோல மறு வருடம் போகாது. அடுத்த பாத்திரத்துக்கு உடுப்புக் கட்டி முடியவில்லை என்றால் கூத்தை நடத்தும் அண்ணாவியார் கண்ணைக் காட்டுவார், பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பித் திருப்பிப் பாடி இழுப்பார்கள், மத்தளம் அதற்கு ஏற்ப நீளும். ஆனால் கண்ணகி மதுரையை எரிக்காமல் கூத்து முடிந்ததாக நான் பார்த்ததில்லை. நாதஸ்வரமும் அப்படித்தான். துளையை விரல் முழுதாக மூடாமல், மூச்சைக் கூட்டிக் குறைத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுகிப் போவார்கள். தோடியில் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது, ஆடிக்கொண்டேயிருக்கும். ஆட்டத்தை நிறுத்தினால் அது தோடி இல்லை. ஆர்மோனியத்தில் தோடி கேட்டால் எனக்கு வரும் எரிச்சல் உனக்குத் தெரியும்.

லியனார்டோ டாவின்சி 1510 அளவில், ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே பலகை வைத்தால் எப்படிச் சுழி விழும் என்று வரைந்து பார்த்தார். தண்ணீரின் சுழி தலைமுடியைப்போலப் போகிறது, முடியின் அசைவில் ஒரு பங்கு பாரத்தால், மற்றப் பங்கு சுருளும் குணத்தால் என்ற பொருளில் குறிப்பும் எழுதி வைத்தார். அவரை எஞ்சினியர் என்பதா, கீறுகிறவர் என்பதா? மொறட்டுவையில் நீ குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்குக் கணக்குப் போட்டாய், இப்போது கார்ட்டூன் படத்துக்காகக் கணினியில் ஓடவிடும் தண்ணீருக்குப் போடுகிறாய். நேவியே 1822இல் எழுதி, ஸ்டோக்ஸ் 1845இல் சீர்செய்த அதே சமன்பாடுதானே இரண்டுக்கும்? முப்பரிமாணத்தில் அதற்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று இன்னும் ஒருவரும் நிறுவவில்லை, 2000ஆம் ஆண்டிலிருந்து பத்து லட்சம் டொலர் பரிசு காத்துக் கிடக்கிறது. நீ ஒன்றை விட்டு ஒன்றுக்குப் போனதாக நான் நினைக்கவில்லை. சம்பளம் குறைந்தது உண்மை. அதைப் பற்றி அப்பா தனியாகக் கதைப்பார், கேட்டுக்கொள், பதில் சொல்லாதே.

எனக்கு ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்தில் நான் பொட்டாசியம் பெர்மாங்கனேற்றுத் துணிக்கை ஒன்றைத் தண்ணீரில் போட்டு ஊதா இழை இறங்குவதைக் காட்டுவேன். ரெய்னோல்ட்ஸ் 1883இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாயில் சாயத்தை விட்டுப் பார்த்தது போன்ற விளையாட்டுத்தான். வேகம் குறைவாக இருக்கும்வரை இழை நேராகப் போகும், ஓர் அளவு தாண்டியதும் குலைந்து தண்ணீர் முழுக்கக் கலங்கிவிடும். அந்தக் குலைகிற இடம் உங்கள் கணினியில் தானாக வருமா, இல்லை நீங்கள் கையால் போடுகிறீர்களா? துருசு திறந்த முதல் நாள் வாய்க்காலில் வரும் நுரையும் சருகும் கலந்த செந்தண்ணீரை உன்னால் செய்ய முடிந்தால் எனக்கு அனுப்பு. வயல் சேறு செய்ய முடியுமென்றால் மாமாவுக்கும் காட்டவேண்டும், அவர் நம்பமாட்டார்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வரப் பார். சிலாவத்தைக் கரையில் எடுக்கும் கடல்நீரில் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிவதை மருமகனும் ஒருதரம் பார்க்கட்டும். அது எப்படி எரிகிறது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லிவிடுவேன்.

திரும்பிப் போகும்போது காட்டுத்தேன் கேட்டிருந்தாய். கைப்பையில் வைக்காதே, 100 மில்லிலீட்டருக்கு மேல் விடமாட்டார்கள். போன தரம் உன் சித்தி முட்டித் தயிரோடு விமான நிலையத்தில் நின்று, இது திரவம் இல்லை என்று வாதாடியிருக்கிறா. அந்த உத்தியோகத்தர் முட்டியைச் சரித்துப் பார்த்தாராம், தயிர் அசையவில்லை. ஒருதரம் குலுக்கினார், அவ்வளவுதான், பறித்துவிட்டார்கள். உனக்குப் பனங்கட்டி வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா